ஒரே வாக்கு, வெவ்வேறு எடை: மக்களவை இடங்களை மாநிலப்படி பகிர்வதா, மக்கள்தொகைப்படி பகிர்வதா?

ஒக்கலிபுரம் (பெங்களூரு): பெங்களூரு நகர ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரம், காந்திநகர் சட்டப்பேரவைத் தொகுதியில் அடங்கியது. அத்தொகுதியின் வாக்காளர்கள் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. நகரின் கிழக்கு எல்லையில், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த மகாதேவபுரா தொகுதியில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ளனர். இரண்டும் பெங்களூரு மத்திய மக்களவைத் தொகுதிக்கு உட்பட்டவை. இரண்டும் சட்டப்பேரவைக்கு ஒரே ஓர் உறுப்பினரை அனுப்புகின்றன. அதாவது சட்டப்பேரவையைப் பொறுத்தவரை, ஒக்கலிபுரத்தில் வாழ்பவரின் வாக்கு, மகாதேவபுராவில் வாழ்பவரின் வாக்கைப் போல இரண்டரை மடங்கு எடை கொண்டது.

இந்த ஏற்றத்தாழ்வை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2008-இல் எல்லைகள் வகுக்கப்பட்டன. அதன் பிறகு நகரம் வளர்ந்தது, எல்லைகள் அங்கேயே நின்றுவிட்டன. இதே கதைதான் நாடு முழுவதற்குமான அளவில் இன்று பெரும் அரசியல் விவாதமாக எழுந்துள்ளது. மக்களவையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பதை இன்றைய மக்கள்தொகை தீர்மானிக்க வேண்டுமா, அல்லது 1971-இல் நிலைநிறுத்தப்பட்ட மாநிலப் பங்கு தொடர வேண்டுமா என்பதே கேள்வி.

ஒரே சொல், இரண்டு வேலைகள்

தமிழ்ச் செய்திகளில் 'தொகுதி மறுவரையறை' என்ற ஒரே சொல்லால் இரண்டு தனித்தனிப் பணிகள் குறிக்கப்படுகின்றன. குழப்பத்தின் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலாவது, மொத்த மக்களவை இடங்களை மாநிலங்களுக்கிடையே பகிர்ந்தளிப்பது. இரண்டாவது, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் எல்லைகளை மாற்றி வரைவது. அரசமைப்புச் சட்டத்தின் 82-ஆவது பிரிவு இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் குறிப்பிட்டாலும், சட்டத்திருத்தங்கள் அவற்றை வெவ்வேறு விதமாகவே நடத்தியுள்ளன. 2008-இல் நடந்தது இரண்டாவது பணி மட்டுமே. முதற்பணி அரை நூற்றாண்டாக நடைபெறவில்லை.

பிரிவு 81 கூறும் விதி எளிமையானது. ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கப்படும் இடங்களுக்கும் அதன் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம், இயன்ற வரையில் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 60 லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட மாநிலங்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இந்தப் பகிர்வைச் சரிசெய்ய வேண்டும் என்பது பிரிவு 82. ஆக, அரசமைப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது மக்களவைக்கு ஏற்கப்பட்ட அளவுகோல் மக்கள்தொகைதான் என்பதில் ஐயமில்லை.

அந்த அளவுகோல் செயல்பட்ட காலத்தில் இழப்பை நேரடியாகக் கண்ட மாநிலம் தமிழ்நாடு. 1951-க்கும் 1961-க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகை 21 விழுக்காட்டுக்கு மேல் பெருகியபோது, அன்றைய சென்னை மாநிலத்தின் வளர்ச்சி சுமார் 12 விழுக்காடு மட்டுமே. விளைவு, 1962 தேர்தலில் 41 ஆக இருந்த அதன் மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆகக் குறைந்தன. இன்றும் அதே 39 தான். 2021 ஆகஸ்டில் தென்காசி தொகுதி தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை நினைவூட்டியது. இரண்டு இடங்கள், 14 தேர்தல்கள், ஓர் உறுப்பினரால் மாநிலத்துக்குக் கிடைக்கக்கூடிய பயன் கற்பிதமாக 200 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு, 5,600 கோடி ரூபாயை ஏன் இழப்பீடாக வழங்கக் கூடாது என்று நீதிமன்றம் வினவியது. ஒரு மக்களவை உறுப்பினருக்கு ரூபாயில் விலை குறிப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் 1999-இல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததையும் அதே தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

உறைநிலையின் தோற்றம்

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்றாக்கியது. அதைச் சிறப்பாகச் செய்யும் மாநிலம் நாடாளுமன்றத்தில் இடங்களை இழப்பது முரணாகும் என்பதால், 42-ஆவது சட்டத்திருத்தம் 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையிலான பங்கீட்டை 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை உறையவைத்தது. கெடு முடியும் தறுவாயில், வாஜ்பாய் ஆட்சியில் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2003-இல் வந்த 87-ஆவது திருத்தம், மாநிலங்களின் இடங்களில் கை வைக்காமல், உள் எல்லைகளை மட்டும் 2001 கணக்கெடுப்பின்படி திருத்தி வரைய அனுமதித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வகுத்த அந்தப் புதிய எல்லைகளின்படி முதலில் தேர்தலைச் சந்தித்த மாநிலம் கர்நாடகமே. 2008 மே மாதச் சட்டப்பேரவைத் தேர்தல் அது.

இப்போது அந்தக் கெடுவும் நெருங்கிவிட்டது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாகக் கொண்டு நடத்தப்படும் என 2025 ஜூன் 16-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. இதுதான் 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பாக அமையும்.

கணக்கு என்ன சொல்கிறது?

1971-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி. பிரிக்கப்படாத மத்தியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 4.17 கோடி. முன்னதற்கு 39 இடங்கள், பின்னதற்கு 40 இடங்கள். மிகப் பொருத்தமான பகிர்வு. 2011-இல் தமிழ்நாடு 7.21 கோடியை எட்டியது. மத்தியப் பிரதேசமும் அதிலிருந்து பிரிந்த சத்தீஸ்கரும் சேர்ந்து 9.8 கோடியைத் தாண்டின. இடங்கள் மட்டும் அதே 39, அதே 40. சத்தீஸ்கரை விலக்கிப் பார்த்தால் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் 2011 மக்கள்தொகை 7.26 கோடி, தமிழ்நாட்டைவிடச் சற்றே அதிகம். ஆனால் அதன் மக்களவை இடங்கள் 29. போபாலில் வாழும் ஒருவர், மதுரையில் வாழும் ஒருவருக்கு உள்ள பிரதிநிதித்துவத்தின் முக்கால் பங்கையே பெறுகிறார். அவர் எழுப்பும் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

2011 கணக்கெடுப்பின்படி ஒரு மக்களவை உறுப்பினர் ராஜஸ்தானில் சராசரியாக 27.4 லட்சம் பேரையும், பீகாரில் 26 லட்சம் பேரையும், உத்தரப் பிரதேசத்தில் 25 லட்சம் பேரையும் பிரதிநிதித்துவப்படுத்துகிறார். தமிழ்நாட்டில் இது 18.5 லட்சம்; கேரளத்தில் 16.7 லட்சம். நாட்டின் சராசரி சுமார் 22.3 லட்சம்.

543 என்ற மொத்த எண்ணிக்கையை மாற்றாமல், 2011 மக்கள்தொகையைக் கொண்டு நேரடியாக வகுத்தால், தமிழ்நாட்டுக்கு 32 இடங்களும் கேரளத்துக்கு 15 இடங்களும் வரும். உத்தரப் பிரதேசம் 80-இலிருந்து 90-ஐ நெருங்கும். பீகார் 40-இலிருந்து 47-ஐ நெருங்கும். ஐந்து தென் மாநிலங்களின் மொத்த இடங்கள் 129-இலிருந்து ஏறத்தாழ 113 ஆகக் குறையும். 2027 கணக்கெடுப்பில் இந்த இடைவெளி இன்னும் விரியவே வாய்ப்பு அதிகம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை பீகாரில் 3.0, உத்தரப் பிரதேசத்தில் 2.4, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8, கர்நாடகத்தில் 1.7.

இந்தப் பட்டியலில் கர்நாடகத்தின் இடம் தனித்தது. 6.11 கோடி மக்களுக்கு 28 இடங்கள் என்பது ஓர் உறுப்பினருக்கு 21.8 லட்சம் பேர். தேசிய சராசரியை ஒட்டிய எண். நேரடி வகுத்தலில் அதற்கு 27 இடங்கள் வரும். குழந்தைப் பிறப்பு குறைந்தும் கர்நாடகம் பெரிதாக இழக்காமல் இருப்பதில் பெங்களூருக்குப் பங்குண்டு. பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 65 லட்சமாக இருந்து 2011-இல் 96 லட்சமானது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள், கணக்கெடுப்பில் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே எண்ணப்படுகின்றனர். அவர்களில் பலருடைய வாக்கு இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. ஒருவரின் இருப்பு ஒரு மாநிலத்தின் இடங்களைக் கூட்டவும், அவருடைய வாக்கு இன்னொரு மாநிலத்தில் பதிவாகவும் இந்த முறையில் இடமுண்டு.

'ஓர் இடம்கூடக் குறையாது' என்பதன் பொருள்

2025 பிப்ரவரி 26-இல் கோவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாசார அடிப்படையில் தென் மாநிலங்கள் ஓர் இடத்தைக்கூட இழக்காது என்று உறுதியளித்தார். மார்ச் 5-இல் சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 அடிப்படையை 2026-இலிருந்து மேலும் 30 ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும் எனத் தீர்மானித்தது. மார்ச் 22-இல் சென்னையில் நடந்த கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டத்தில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன், தெலங்கானா முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி, பஞ்சாப் முதலமைச்சர் பகவந்த் மான், கர்நாடகத் துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் ஆகியோர் பங்கேற்றனர். அக்கூட்டம் உறைநிலையை மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கோரியது.

'விகிதாசாரம்' என்ற சொல்லில்தான் சிக்கல். எந்த விகிதம்? இப்போதுள்ள இடங்களின் விகிதமா, புதிய மக்கள்தொகையின் விகிதமா? முதலாவது என்றால் எல்லா மாநிலங்களின் இடங்களும் ஒரே விழுக்காட்டில் உயரும். யாருடைய பங்கும் மாறாது. இரண்டாவது என்றால் நிலைமை வேறு. 2023 மே மாதம் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை அரங்கில் 888 இருக்கைகளுக்கு இடமுண்டு. ஒரு பேச்சுக்கு அவை அனைத்தையும் 2011 மக்கள்தொகைப்படி பகிர்ந்தால் தமிழ்நாட்டுக்கு சுமார் 53 இடங்கள் கிடைக்கும். 39-இலிருந்து 53 என்பது காகிதத்தில் ஆதாயம். ஆனால் அவையில் அதன் பங்கு 7.2 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்கு இறங்கும். உத்தரப் பிரதேசத்தின் பங்கு 14.7-இலிருந்து 16.5 விழுக்காட்டுக்கு ஏறும். சட்டம் நிறைவேறுவதும் அரசு நிலைப்பதும் பங்கைப் பொறுத்தவை. இடங்களின் எண்ணிக்கை உயர்ந்தது என்பது அங்கே கைகொடுக்காது. எனவே, ஓர் இடமும் குறையாது என்ற வாக்குறுதி முழுமையாக நிறைவேற்றப்பட்டாலும் தென் மாநிலங்களின் அச்சம் தீராது.

அவையை விரிவாக்கவும் சட்டத்திருத்தம் தேவை. மாநிலங்களிலிருந்து 530, ஒன்றியப் பிரதேசங்களிலிருந்து 20 என்ற உச்சவரம்பு பிரிவு 81-இலேயே எழுதப்பட்டுள்ளது.

மாநிலங்களவை ஏன் தீர்வாகவில்லை?

அமெரிக்காவின் செனட் அவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள். 2020 கணக்கெடுப்பின்படி 3.95 கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, 5.77 லட்சம் பேர் மட்டுமே வாழும் வயோமிங்குக்கும் இரண்டு. அதிபரைத் தேர்வு செய்யும் வாக்காளர் குழுவிலும் இதன் நிழல் படிகிறது. நாடளாவிய வாக்குகளில் பின்தங்கியவர் அதிபரானது 2000-இலும் 2016-இலும் நடந்தது. அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், பிரதிநிதிகள் அவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருந்தாக வேண்டும் என்று 1964-இல் கண்டிப்பாகத் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்கு ஓர் அவை, மக்களுக்கு ஓர் அவை என்று எடைகளைப் பிரித்து வைத்தனர்.

இந்தியாவின் அரசமைப்பு அவை அந்த வழியை ஏற்கவில்லை. மாநிலங்களவையிலும் மக்கள்தொகையே அடிப்படை. சிறிய மாநிலங்களுக்குச் சற்றுச் சாய்வு மட்டும் உண்டு. முதல் 50 லட்சம் மக்கள் வரை 10 லட்சத்துக்கு ஓர் இடம், அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம் என்ற கணக்கே அதன் தொடக்கம். இன்று உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, கர்நாடகத்துக்கு 12, கேரளத்துக்கு 9 இடங்கள். மேலும், ஒரு மாநிலத்தின் சார்பில் தேர்ந்தெடுக்கப்படுபவர் அங்கு வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2003-இல் நீக்கப்பட்டது; 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மாநிலங்களின் காவலாக இருக்க வேண்டிய அவையின் பல் அப்போதே பிடுங்கப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. இப்போதைய விவாதத்தின் சுமை முழுவதும் மக்களவையின் தோளில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடியரசுத் தலைவர் தேர்தலிலும் 1971 உயிரோடு இருக்கிறது. ஒரு சட்டப்பேரவை உறுப்பினரின் வாக்கு மதிப்பு, அந்த ஆண்டின் மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையாலும் ஆயிரத்தாலும் வகுத்துப் பெறப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தில் அது 208, தமிழ்நாட்டில் 176, கர்நாடகத்தில் 131, சிக்கிமில் 7.

ஐரோப்பிய நாடாளுமன்றம் இரண்டுக்கும் நடுவே செல்கிறது. நாடு பெரிதாகப் பெரிதாக இடங்கள் கூடும். ஆனால் மக்கள்தொகை கூடும் வேகத்தில் கூடாது. ஜெர்மனிக்கு 96 இடங்கள்தான் உச்சவரம்பு, மால்டாவுக்கு 6 இடங்கள் குறைந்தபட்சம். தனித்தனி நாடுகளின் ஒன்றியத்துக்கு இது பொருந்துகிறது. ஒரே நாட்டின் குடிமக்களிடம் இதே வாதத்தை வைப்பது கடினம்.

தமிழர்களுக்கு நெருக்கமான வேறோர் எடுத்துக்காட்டு இலங்கை. சோல்பரி அரசமைப்பில் 75,000 மக்களுக்கு ஓர் இடம் என்பதோடு, ஆயிரம் சதுர மைல் பரப்புக்கும் ஓர் இடம் என்ற விதி இருந்தது. மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிகளுக்கு அது துணை நின்றது. 1978 அரசமைப்பிலும் மாகாணத்துக்கு நான்கு என 36 இடங்கள் மக்கள்தொகையைச் சாராமல் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 160 இடங்கள் பதிவுபெற்ற வாக்காளர் எண்ணிக்கையைப் பின்பற்றுவதால், போரும் புலம்பெயர்வும் யாழ்ப்பாண மாவட்டத்தின் பிரதிநிதித்துவத்தைக் கரைத்தன. 2010-இல் 9 ஆக இருந்த அதன் இடங்கள் 2015-இல் 7 ஆகவும், 2024-இல் 6 ஆகவும் குறைந்தன. எண்ணிக்கை நடுநிலையானது, எண்ணிக்கை குறைந்ததற்கான காரணம் நடுநிலையானதாக இருக்க வேண்டியதில்லை.

நியாயம் எந்தப் பக்கம்?

மக்கள்தொகைப் பக்கத்தின் வலுவான வாதம், வாக்குரிமை தனிமனிதருக்கு உரியது என்பது. மாநில அரசு குடும்ப நலத் திட்டத்தைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்காக, அங்கு பிறந்த குழந்தை வளர்ந்து வாக்களிக்கும்போது அதன் வாக்கைக் குறைத்து எடைபோட முடியாது. மாநிலப் பக்கத்தின் வலுவான வாதம், இந்தியா ஒரு கூட்டாட்சி என்பது. மொழி, வரிப் பகிர்வு, கல்விக் கொள்கை ஆகியவற்றில் மாநிலங்கள் தனித்தனி நலன்களோடு நிற்கின்றன. நிதியில் ஏற்கெனவே விழும் அடியையும் அவை சுட்டிக்காட்டுகின்றன. 14-ஆவது நிதிக்குழுவில் 4.713 விழுக்காடாக இருந்த கர்நாடகத்தின் வரிப்பங்கு 15-ஆவது நிதிக்குழுவில் 3.647 விழுக்காடாகக் குறைந்தது. அந்தக் குழு 2011 மக்கள்தொகையைப் பயன்படுத்தினாலும், பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்காக 12.5 விழுக்காடு எடையை ஒதுக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணத்தில் அப்படி ஒரு சமரசத்துக்கு இடமிருந்தது. மக்களவை இடங்களுக்கு அத்தகைய சூத்திரம் எதுவும் இன்னும் முன்வைக்கப்படவில்லை.

ஆனால் மாநிலங்களுக்கிடையேயான ஏற்றத்தாழ்வைவிட மாநிலத்துக்குள் இருப்பது பெரிது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ராஜஸ்தானுக்கும் கேரளத்துக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 1.6 மடங்கு. 2024 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு வடக்குத் தொகுதியில் சுமார் 32 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர். உடுப்பி-சிக்கமகளூருவில் 15 லட்சத்துக்குச் சற்று மேல். இது இரு மடங்கு. சட்டப்பேரவைக்கு வந்தால், பெங்களூரு தெற்கில் சுமார் 7 லட்சம், மலைநாட்டுச் சிருங்கேரியில் 1.7 லட்சம் அளவே, நான்கு மடங்கு. 224 உறுப்பினர்கள் கொண்ட பேரவையில் பெங்களூரு நகர மாவட்டத்துக்கு 28 இடங்கள். 2001 மக்கள்தொகைக்கு அது சரியான எண். 2011 மக்கள்தொகைக்கே 35 இடங்கள் வந்திருக்க வேண்டும்.

அந்த ஏழு இடங்கள் எங்கிருந்து வரும் என்று கேட்டால், டெல்லியை நோக்கித் தென் மாநிலங்கள் வைக்கும் வாதம் அப்படியே பெங்களூரை நோக்கித் திரும்புகிறது. குடகு மாவட்டம் 2008 மறுவரையறையில் தன் மூன்று சட்டப்பேரவைத் தொகுதிகளில் ஒன்றான சோமவாரப்பேட்டையை இழந்து, மடிக்கேரி, விராஜ்பேட்டை என இரண்டாகச் சுருங்கியது. மலைப்பகுதி, சிதறிய குடியிருப்புகள், மெதுவான மக்கள்தொகை வளர்ச்சி ஆகியவை அங்கும் காரணங்கள். மாநிலப் பங்கைக் காக்க வேண்டும் என்று சென்னையில் குரல் கொடுக்கும் கர்நாடகம், குடகுக்கும் சிருங்கேரிக்கும் என்ன சொல்லும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. மக்கள்தொகையோடு பிற காரணிகளையும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2022-இல் ஜம்மு-காஷ்மீரில் நடந்த மறுவரையறையில் 2011 மக்கள்தொகை ஜம்முவில் 53 லட்சம், காஷ்மீரில் 69 லட்சம் என்றிருந்தும், புதிய ஏழு இடங்களில் ஆறு ஜம்முவுக்குச் சென்றன. நிலப்பரப்பும் எல்லையோர நிலைமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. காஷ்மீர்க் கட்சிகள் அதை ஏற்கவில்லை. பிற காரணிகளைச் சேர்க்கும்போது, அவற்றுக்கு எவ்வளவு எடை என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைக்காவிட்டால், ஐயம் எழுவதைத் தவிர்க்க முடியாது.

அடுத்தது என்ன?

கணக்கெடுப்பின் எண்கள் வெளியான பின், நாடாளுமன்றம் புதிய மறுவரையறைச் சட்டத்தை இயற்றி ஆணையத்தை அமைக்க வேண்டும். 2002 சட்டத்தின்படி, உச்ச நீதிமன்றத்தின் இந்நாள் அல்லது முன்னாள் நீதிபதி தலைவராகவும், தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையர், மாநிலத் தேர்தல் ஆணையர் ஆகியோர் உறுப்பினர்களாகவும் இருந்தனர். மக்கள் பிரதிநிதிகளுக்குக் கருத்துக் கூறும் இணை உறுப்பினர் தகுதி மட்டுமே, வாக்குரிமை இல்லை. அந்த ஆணையத்தின் பணி நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-இல் வரவிருக்கிறது. 2023-இன் 106-ஆவது சட்டத்திருத்தம் அளித்த மகளிருக்கான மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடும் இதே கணக்கெடுப்புடனும் மறுவரையறையுடனும் பிணைக்கப்பட்டுள்ளது. ஆகவே உறைநிலையை நீட்டிக்கக் கோருவோர், மகளிர் ஒதுக்கீட்டை அதிலிருந்து பிரித்தெடுக்கவும் வழி சொல்ல வேண்டியிருக்கும்.

ஆணையத்தின் இறுதி உத்தரவு அரசிதழில் வெளியானதும் சட்டத்தின் வலிமையைப் பெறும். மக்களவையிலும் சம்பந்தப்பட்ட சட்டப்பேரவையிலும் அது வைக்கப்படும். அதைத் திருத்த இரு அவைகளுக்கும் அதிகாரம் இல்லை. எனவே மாநிலங்கள் பேரம் பேசுவதற்கான காலம், ஆணையத்துக்கான சட்டம் இயற்றப்படும் வரைதான்.